கிளைக்காலிசிஸை இனியும் விவரிக்கச் சொல்லாதீர்கள்

கல்லூரிகளில் உயிர்வேதியியல், விலங்கியல், தாவரவியல் பாடங்களுக்கு வினாத்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

அடுத்த செமஸ்டருக்கான வினாத்தாள் கேட்டுத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வரும் காலம் இது. சிலருக்கு வந்திருக்கும். சிலர் பழைய வினாத்தாள்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, எதை எடுப்பது, எதை விடுவது என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். வேலையை முடித்து உறையை ஒட்டும் முன் இந்த மடலைப் படித்துவிடுங்கள். நானும் அதே வேலையைச் செய்கிறவன்தான். வெளியில் நின்று குறை சொல்ல வரவில்லை.

மாணவர்கள் பாடநூலைப் படிப்பதில்லை என்று ஆசிரியர் அறையில் நாம் எல்லாரும் அங்கலாய்க்கிறோம். அவர்கள் வரி விடாமல் படிக்கிற ஒன்றும் இருக்கிறது: முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்கள். எந்த யூனிட்டில் எந்தப் பத்து மதிப்பெண் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, எது ஒரு செமஸ்டர் விட்டு வருகிறது, எந்த யூனிட்டைத் தொடாமலே தேறிவிடலாம் என்பதையெல்லாம் விடுதி அறைகளில் உட்கார்ந்து துல்லியமாகக் கணக்குப் போடுகிறார்கள். பாடத்திட்டக் குழு எழுதுவது காகிதத்தில் இருக்கிறது. மாணவர் உண்மையில் படிக்கும் பாடத்தை நாம் கேட்கும் கேள்விதான் தீர்மானிக்கிறது.

அப்படியென்றால் நாம் என்ன கேட்கிறோம்? ‘கிளைக்காலிசிஸை விவரி.’ ‘கிரெப்ஸ் சுழற்சியைப் படத்துடன் விளக்குக.’ ‘நொதித் தடுப்பு பற்றிக் குறிப்பு வரைக.’ இவை எந்த ஊர்க் கல்லூரிக்கும், எந்த ஆண்டுக்கும் பொருந்தும் கேள்விகள். இவற்றுக்கான விடையும் எப்போதும் ஒன்றுதான்: பத்துப் படிகள், பத்து நொதிகள், ஓரத்தில் அம்புக்குறிகள், கடைசியில் நிகர லாபம் 2 ஏடிபி. அதை வரிசை மாறாமல் எழுதியவருக்கு முழு மதிப்பெண். அவரையே அழைத்து, ‘ஐந்தாவது படி நின்றுபோனால் என்ன தேங்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் விழிப்பார்கள். குற்றம் அவர்களுடையதல்ல. அப்படி ஒரு கேள்வி வரும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவேயில்லை.

இப்போது வினாத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கே1, கே2 என்று அறிவுநிலை குறிக்கச் சொல்கிறார்கள். 1956-இல் பெஞ்சமின் புளூம் தலைமையில் வெளிவந்து, 2001-இல் திருத்தப்பட்ட வகைப்பாட்டின் வழியில் வந்த ஏற்பாடு அது. நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தறிதல் என்று படிப்படியாக ஏறும். நோக்கம் நல்லது. நடப்பது வேறு. ‘கிளைக்காலிசிஸின் படிகளை எழுதுக’ என்பது கே1. அதையே ‘கிளைக்காலிசிஸின் படிகளைப் பகுப்பாய்வு செய்க’ என்று எழுதிவிட்டால் அது கே4 ஆகிவிடுகிறது! விடைத்தாளில் வருவது இரண்டுக்கும் ஒரே நான்கு பக்கம்தான். வினைச்சொல்லை மட்டும் மாற்றினால் படிவம் நிரம்பும். மாணவரின் மூளைக்கு எந்த வேலையும் கூடுவதில்லை.

எப்படிக் கேட்கலாம் என்பதைச் சில கேள்விகளை வைத்தே சொல்கிறேன். அதே கிளைக்காலிசிஸிலிருந்து தொடங்குகிறேன்.

‘சர்க்கரைப் பரிசோதனைக்கு எடுத்த ரத்தத்தைச் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் விடுகிறார்கள். அதில் உள்ள சோடியம் ஃபுளோரைடு, ஈனோலேஸ் நொதியைத் தடுக்கும். ஆனாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குழாய்க்குள் குளுக்கோஸ் குறைந்துகொண்டுதான் இருக்கிறது; அதன் பிறகே குறைவது நிற்கிறது. ஏன் உடனே நிற்கவில்லை? பிறகு ஏன் நிற்கிறது?’

தெருமுனை ரத்தப் பரிசோதனை நிலையத்தில் தினமும் நடக்கிற விஷயம் இது. ஃபுளோரைடு இல்லாத சாதாரணக் குழாயில் அறை வெப்பத்தில் விட்டுவைத்தால், ரத்த அணுக்கள் மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸைத் தின்றுவிடும். அதனால்தான் இந்த ஏற்பாடு. இனி விடைக்கு வருவோம். ஈனோலேஸ் ஒன்பதாவது படியில் இருக்கிறது. குளுக்கோஸை உள்ளே பூட்டும் ஹெக்சோகைனேஸ் முதல் படியில். ஒன்பதாவது படியை அடைத்தாலும் முதல் படி தன்பாட்டுக்கு ஓடும். எனவே குளுக்கோஸ் குறையும். எத்தனை நேரம் ஓடும்? ஒரு குளுக்கோஸுக்குத் தொடக்கத்தில் 2 ஏடிபி செலவாகிறது. ஏழாவது படியில் 2 திரும்பக் கிடைக்கிறது. லாபமாக வரவேண்டிய 2 ஏடிபி, ஈனோலேஸுக்கு அடுத்த படியில் இருக்கிறது. அது வராது. அணுவுக்கோ உப்பு அயனிகளை உள்ளும் வெளியும் தள்ள ஏடிபி செலவாகிக்கொண்டே இருக்கும். கையிருப்பு கரைந்ததும் ஹெக்சோகைனேஸுக்குக் கொடுக்க ஏடிபி இருக்காது. இன்னொரு பக்கம், பைருவேட் உருவாகாததால் லாக்டேட்டும் உருவாகாது. லாக்டேட் உருவாகாவிட்டால் ஆறாவது படிக்குத் தேவையான என்ஏடி மீளாது. வழி இரண்டு பக்கமும் அடைபடுகிறது.

இந்த விடையை எழுத மாணவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? பத்துப் படிகளும்தான். எந்தப் படி எங்கே இருக்கிறது, எங்கே ஏடிபி போகிறது, எங்கே வருகிறது, என்ஏடி எப்படி மீள்கிறது என்று எல்லாமும் தெரிந்திருக்க வேண்டும். மனப்பாடம் வீண் போகவில்லை. அதற்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. விடையின் நீளமோ ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டாது.

அடுத்தது நொதிகளின் வேகம். மைக்கேலிஸும் மென்டனும் 1913-இல் தந்த சமன்பாட்டை வருவிக்கச் சொல்வது நம் பழக்கம். வருவிப்பதை மனப்பாடச் செய்யுள் மாதிரி உருப்போட்டு ஒப்பித்துவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்கலாம்:

‘வெறும் வயிற்றில் ரத்தத்தில் குளுக்கோஸ் லிட்டருக்கு 5 மில்லிமோல்; சாப்பிட்ட பிறகு 10 மில்லிமோல் என்று கொள்க. ஹெக்சோகைனேஸின் கே.எம். மதிப்பு 0.1 மில்லிமோல். கல்லீரலில் உள்ள குளுக்கோகைனேஸுக்கு 10 மில்லிமோல். இரண்டு நொதிகளும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் தங்கள் உச்ச வேகத்தில் எத்தனை சதவீதத்தில் ஓடும்? கல்லீரலுக்குத் தனியாக ஒரு நொதி எதற்கு?’

ஹெக்சோகைனேஸ் 98-லிருந்து 99 சதவீதத்துக்குப் போகிறது. அதாவது அதற்குச் சாப்பாடும் பட்டினியும் ஒன்றுதான். குளுக்கோகைனேஸ் 33-லிருந்து 50 சதவீதத்துக்கு ஏறுகிறது. ரத்தத்தில் சர்க்கரை கூடினால்தான் அது வேகம் பிடிக்கிறது, குறைந்தால் தணிகிறது. மூளை எப்போதும் எடுத்துக்கொள்ள வேண்டும். கல்லீரல் மிச்சம் இருந்தால் மட்டும் எடுத்துச் சேமிக்க வேண்டும். இந்த ஏற்பாடு முழுதும் அந்த நான்கு எண்களுக்குள் இருக்கிறது. குளுக்கோகைனேஸின் வளைகோடு உண்மையில் லேசாக எஸ் வடிவம் கொண்டது என்பதை வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம். தேர்வுக்கு இந்த எளிய கணக்குப் போதும். கே.எம். என்றால் ‘உச்ச வேகத்தில் பாதியை எட்டத் தேவையான செறிவு’ என்று எழுதத் தெரிந்த மாணவர், அந்த எண் எதற்குப் பயன்படுகிறது என்பதை முதல் தடவையாக இங்கேதான் பார்ப்பார்.

போட்டித் தடுப்பான் பற்றியும் நாம் கேட்பது ஒரே கேள்விதான். விடை: கே.எம். கூடும், வி மேக்ஸ் மாறாது. ஒரு வரி. இரண்டு மதிப்பெண். இந்த ஒரு வரிக்குப் பின்னால் இருப்பதை நம் மாணவர்கள் செய்தியாகவே பார்த்திருக்கிறார்கள். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் 20-க்கும் மேற்பட்டவர்கள். மெத்தனாலை ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் நொதி ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அது ஃபார்மிக் அமிலம் ஆகிறது. ஃபார்மிக் அமிலம் மைட்டோகாண்ட்ரியாவில் சைட்டோகுரோம் ஆக்சிடேஸைத் தடுக்கிறது. பார்வை நரம்பு முதலில் அடிபடுகிறது. மருத்துவமனையில் இதற்கு ஃபோமெபிசோல் கொடுப்பார்கள்; அது கிடைக்காத இடத்தில் மருத்துவர் கண்காணிப்பில் அளவிட்டு எத்தனால் செலுத்துவார்கள். அந்த நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனாலில் நாட்டம் பல மடங்கு அதிகம். நூல் விளக்கும் போட்டித் தடுப்பு அப்படியே இங்கே நோயாளியின் படுக்கைக்கு வந்துவிடுகிறது.

இதிலிருந்து எத்தனை கேள்விகள் எடுக்கலாம் பாருங்கள். ‘மெத்தனாலின் செறிவு கே.எம். மதிப்புக்குச் சமமாக இருக்கிறது. தடுப்பானின் செறிவு அதன் கே.ஐ. மதிப்பைப்போல 18 மடங்கு. மெத்தனால் சிதையும் வேகம் எவ்வளவு குறையும்?’ தடுப்பான் இல்லாதபோது உச்ச வேகத்தில் 50 சதவீதம். இருக்கும்போது 5 சதவீதம். ‘ஏன் தடுப்பானை விடாமல் செலுத்த வேண்டும்?’ போட்டித் தடுப்பு மீளக்கூடியது. செறிவு இறங்கினால் மெத்தனால் மறுபடி இடத்தைப் பிடிக்கும். ‘ஏன் டயாலிசிஸும் தேவைப்படுகிறது?’ நொதியை அடைத்ததால் மெத்தனால் மறைந்துவிடவில்லை, உடம்பில்தான் இருக்கிறது. ‘தாமதமாக வந்தவர்களுக்கு ஏன் இந்தச் சிகிச்சையின் பலன் குறைகிறது?’ ஃபார்மிக் அமிலம் ஏற்கெனவே உருவாகிவிட்டது. அதற்கு முந்தைய படியை அடைத்து அதை அழிக்க முடியாது. நொதியியல், மூச்சுச் சங்கிலி, அமில-காரச் சமநிலை என்று மூன்று யூனிட்டுகளை ஒரே நிகழ்வு இணைக்கிறது. நம் கேள்வித்தாளோ அவற்றை ஒன்றோடொன்று பேசவிடாமல் பகுதி அ, பகுதி ஆ என்று பிரித்து வைத்திருக்கிறது.

நாமே குழப்பிவிடுகிற ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். ஒரு குளுக்கோஸ் முழுதாக எரிந்தால் எத்தனை ஏடிபி? சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் கேள்வியாக இது வருகிறது. அ) 30 ஆ) 32 இ) 36 ஈ) 38. இந்த நான்கும் ஏதாவது ஒரு பாடநூலில் அச்சாகியிருக்கிறது! ஒரு நூலைப் படித்தவர் சரி, இன்னொரு நூலைப் படித்தவர் தவறு என்று ஆகிறது. ஒரு என்ஏடிஎச் 3 ஏடிபி, ஒரு எஃப்ஏடிஎச்2 2 ஏடிபி என்று முழு எண்ணாகக் கொண்ட பழைய கணக்கில் 38 வருகிறது. பின்னர், ஒரு என்ஏடிஎச் 10 புரோட்டான்களைத் தள்ளுகிறது, ஓர் ஏடிபி உருவாகி வெளியே வர 4 புரோட்டான் ஆகிறது என்று கண்டபோது 3 என்பது 2.5 ஆனது, 2 என்பது 1.5 ஆனது. கணக்கு 32-க்கு இறங்கியது. கிளைக்காலிசிஸில் சைட்டோசாலில் பிறந்த என்ஏடிஎச்சின் எலக்ட்ரான்கள் கிளிசரால் பாஸ்பேட் வழியாக உள்ளே போனால் 30; மாலேட் வழியாகப் போனால் 32. ‘ஒரு நூலில் 38, இன்னொன்றில் 32, மற்றொன்றில் 30 என்று இருக்கிறது. மூன்றும் எந்தெந்த அனுமானத்தில் வருகின்றன? கணக்கிட்டுக் காட்டுக’ என்று கேட்டால் ஐந்து மதிப்பெண்ணுக்கு அருமையான கேள்வி. அறிவியலில் ஓர் எண் எங்கிருந்து வருகிறது, அது ஏன் மாறுகிறது என்பதையும் மாணவர் அறிந்துகொள்வார். ஒரு மதிப்பெண்ணில் அதை அடைத்து வைத்தால் அதிர்ஷ்டம்தான் சோதிக்கப்படும்.

தாவரவியல் நண்பர்களுக்கு ஒன்று. சி3, சி4 தாவரங்களுக்கு இடையே உள்ள வேறுபாடுகளை அட்டவணைப்படுத்தச் சொல்கிறோம். அந்த அட்டவணையை மனத்தில் வைத்தே விடை கண்டுபிடிக்க வேண்டிய கேள்வி இது: ‘காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் நெல் நாற்றும் மக்காச்சோள நாற்றும் சேர்த்து வைத்து, நீருக்கும் ஒளிக்கும் குறையில்லாமல் பார்த்துக்கொள்கிறோம். எது முதலில் சாகும்?’ கரியமில வாயு பத்து லட்சத்துக்குச் சுமார் 50 பங்கு என்ற அளவுக்குக் கீழே இறங்கினால் நெல்லால் லாபம் பார்க்க முடியாது. உள்ளே இழுப்பதைவிட ஒளிச்சுவாசத்தில் வெளியே விடுவதுதான் அதிகம். மக்காச்சோளமோ கிட்டத்தட்டப் பூஜ்யம் வரைக்கும் உறிஞ்சும். நெல் விட்டதையெல்லாம் மக்காச்சோளம் பிடித்துக்கொள்ளும். அட்டவணையில் ஒரு கட்டமாகக் கிடந்த எண், நெல்லைச் சாகடிக்கும் காரணமாக இங்கே மாறுகிறது.

மரபியலுக்கும் உயிர்வேதியியலுக்கும் பொதுவான ஒன்று, அரிவாள் அணுச் சோகை. இந்தியாவில் இது முதன்முதலில் பதிவானது நம் நீலகிரி மலைப் பழங்குடி மக்களிடம், 1952-இல். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் லைனஸ் பாலிங்கும் அவர் குழுவினரும், நோயாளியின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு வேகத்தில் நகர்கிறது என்று காட்டியிருந்தார்கள். பீட்டா சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வாலின். இந்த வரியை எல்லா மாணவரும் எழுதுவார்கள். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘பி.எச். 8.6-இல் எலக்ட்ரோபோரசிஸ் செய்கிறோம். இயல்பான ஹீமோகுளோபினும் அரிவாள் ஹீமோகுளோபினும் எந்த முனையை நோக்கி நகரும்? எது பின்தங்கும்? ஒரே ஒரு பிறழ்ந்த மரபணு உள்ளவருக்கு எத்தனை பட்டைகள் தெரியும்? அதே இடத்தில் வாலினுக்குப் பதில் லைசின் வந்தால் பட்டை எங்கே நிற்கும்?’ கடைசிக் கேள்விக்கான ஹீமோகுளோபின் சி பற்றி மாணவர் கேள்விப்பட்டிருக்கவே வேண்டாம். எதிர்மின் சுமை போய் நேர்மின் சுமை வந்தால் இன்னும் பின்தங்கும் என்று அவரே சொல்லிவிடலாம். கூடவே ஒரு மரபியல் கேள்வி: ‘பெற்றோர் இருவருக்கும் ஒரு பிறழ்ந்த மரபணு உண்டு. அவர்களுடைய மகளுக்கு நோய் இல்லை. அவள் அந்த மரபணுவைச் சுமந்திருக்க வாய்ப்பு எவ்வளவு?’ பாதி என்று அவசரப்பட்டு எழுதுவார்கள். மூன்றில் இரண்டு. நோயுள்ளவர் என்ற வாய்ப்பு ஏற்கெனவே கழிந்துவிட்டது. திருமணத்துக்கு முன் ஆலோசனை கேட்டு வருகிற குடும்பத்திடம் நாளை நம் மாணவர்களில் ஒருவர் இதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

செய்முறைத் தேர்வுக்கு வருகிறேன். பாஸ்பரஸ் அளவிடும் ஃபிஸ்கே–சுப்பராவ் முறையைச் செய்யாத உயிர்வேதியியல் மாணவர் நம் கல்லூரிகளில் அரிது. அம்மோனியம் மாலிப்டேட் ஊற்று, ஒடுக்கி சேர், நீல நிறம் வந்ததும் கலரிமீட்டரில் பார், வரைபடம் போடு. வைவாவில் ‘தத்துவம் என்ன?’ என்று கேட்கிறோம். ரெக்கார்டில் எழுதியதை ஒப்பிக்கிறார்கள். அந்தப் பெயரில் இருக்கும் சுப்பராவ் யார் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. எல்லாப்பிரகடா சுப்பராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து 1925-இல் இந்த முறையை வெளியிட்டார். அதைத் தசைச் சாற்றில் செய்து பார்த்தபோது நீல நிறம் உடனே முழுதாக வரவில்லை. நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போனது. இன்னொருவர் என்றால் கருவியைத் திட்டிவிட்டுக் கொட்டியிருப்பார். அமிலத்தில் மெல்ல உடைந்து பாஸ்பேட்டை விடுகிற ஏதோ ஒரு சேர்மம் தசையில் இருக்கிறது என்று அவர்கள் ஊகித்தார்கள். 1927-இல் பாஸ்போகிரியேட்டின் அப்படித்தான் கிடைத்தது. 1929-இல் ஏடிபி கிடைத்தது; அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டறிந்தார். எனவே அடுத்த வைவாவில் தத்துவத்தைக் கேட்காதீர்கள். ‘உன் குழாயில் நிறம் நிலைக்காமல் கூடிக்கொண்டே போனால் என்ன நினைப்பாய்? அதை எப்படிச் சோதிப்பாய்?’ என்று கேளுங்கள்.

‘எது முடியாது?’ என்று கேட்பதும் ஒரு நல்ல வகை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்ட வரைபடம் இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்கும் என்று தேடுவதற்கு முன், அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதால் எப்படியெல்லாம் மடங்க முடியாது என்று கணக்கிட்டார்கள். வரைபடத்தில் பெரும்பகுதி விலக்கப்பட்டுவிட்டது. மிஞ்சிய சிறு பகுதிகளில்தான் ஆல்பா சுருளும் பீட்டா தகடும் இருக்கின்றன. இன்றும் உலகில் எங்கே ஒரு புரத அமைப்பைத் தீர்மானித்தாலும் இந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். நாமோ ‘ராமச்சந்திரன் வரைபடம்: சிறுகுறிப்பு’ என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ‘ஒரு புரத மாதிரியில் ஓர் இடத்தில் ஃபை கோணம் +60, சை கோணம் −120 என்று வருகிறது. அங்கே இருப்பது கிளைசின் என்றால் நம்புவீர்களா? வாலின் என்றால்?’ என்று கேட்கலாம். கிளைசினுக்குப் பக்கச் சங்கிலியாக ஒரு ஹைட்ரஜன் மட்டும், அதனால் முடியும். வாலினுக்கு அங்கே இடமில்லை. மாதிரியைத் திரும்பப் பார்க்க வேண்டும். சென்னையில் நடந்த வேலையைச் சென்னை மாணவர் வெறும் சிறுகுறிப்பாகக் கடந்துபோவது நியாயமல்ல.

நீங்கள் சொல்லப்போகும் மறுப்புகளும் எனக்குத் தெரியும். நம் அறைகளில் தினமும் காதில் விழுபவைதான்.

‘பாடத்திட்டத்துக்கு வெளியே என்று புகார் வரும்.’ மேலே உள்ள எந்தக் கேள்விக்கும் பாடத்திட்டத்தில் இல்லாத தகவல் தேவையில்லை. தேவையான எண்களைக் கேள்வியே கொடுக்கிறது. இந்த மாதிரிக் கேள்விகளை வகுப்பிலும் இன்டர்னலிலும் முன்பே பழக்க வேண்டும் என்பது மட்டும் உண்மை. பழக்காமல் செமஸ்டரில் திடீரென்று போட்டால் அது அநியாயம், புகாரும் சரியானதே.

‘நம் பிள்ளைகள் முதல் தலைமுறை, பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்கள், இதெல்லாம் அவர்களால் முடியாது.’ இந்த வாதத்தோடு எனக்குக் கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. நான்கு பக்க ஆங்கிலக் கட்டுரைதான் அவர்களுக்கு உண்மையான தடை. பொருள் புரிந்த மாணவிகூட வாக்கியம் அமைக்கத் தெரியாமல் அங்கே மதிப்பெண்ணை இழக்கிறாள். புரியாமல் உருப்போட்டவர் ஜெயிக்கிறார். 33 சதவீதம், 50 சதவீதம் என்பதற்கு மொழி கிடையாது. எலக்ட்ரோபோரசிஸ் பட்டைகளை வரைந்து காட்டுவதற்கு இலக்கணம் வேண்டாம். யோசித்து விடை சொல்லும் கேள்விதான் அவர்களுக்குச் சாதகமானது.

‘திருத்துவது கஷ்டம்.’ மைய மதிப்பீட்டில் கட்டுக் கட்டாக விடைத்தாள்கள் முன்னால் இருக்கும்போது நம் கை எப்படி ஓடுகிறது என்பது நமக்குத் தெரியும்: பக்கத்தைப் புரட்டி, படம் இருக்கிறதா, தலைப்பு இருக்கிறதா என்று பார்த்து ஆறரை, ஏழு. ஒரே விடைத்தாளுக்கு இருவர் இருவேறு மதிப்பெண் போடுவது அங்கேதான். விடைக்குறிப்பில் ‘சமன்பாட்டுக்கு 1, பிரதியிட்டதற்கு 1, எண்ணுக்கு 1, காரணத்துக்கு 2’ என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் திருத்துவது வேகமாகவும் நடக்கும், நேர்மையாகவும் நடக்கும்.

‘தேர்ச்சி விகிதம் விழும், நிர்வாகம் கேட்கும்.’ இது நிஜமான அச்சம். கௌரவ விரிவுரையாளராக, தற்காலிகப் பணியில் இருப்பவருக்கு இன்னும் நிஜம். அதனால்தான் முழு வினாத்தாளையும் புரட்டிப் போடச் சொல்லவில்லை. ‘அல்லது’ போட்டுக் கேட்கிற இடத்தில் ஒரு பக்கம் வழக்கமான கேள்வி இருக்கட்டும்; மறுபக்கம் இந்த மாதிரி ஒன்று இருக்கட்டும். எத்தனை பேர் எதைத் தேர்கிறார்கள் என்று திருத்தும்போது நமக்கே தெரியும். நிர்வாகத்திடம் காட்ட அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

பெயர்களையும் வரையறைகளையும் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஈனோலேஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாதவரால் ஃபுளோரைடு கேள்வியைத் தொடவே முடியாது. இரண்டு மதிப்பெண் பகுதி அதற்கென்றே இருக்கிறது, அங்கே கேளுங்கள். ஐந்து மதிப்பெண்ணும் பத்து மதிப்பெண்ணும் அதே நினைவாற்றலை இன்னும் நீளமாகச் சோதிப்பதற்கு வேண்டாம்.

செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். நீங்கள் தயாரிக்கும் அடுத்த வினாத்தாளில் ஒரே ஒரு கேள்வியை மாற்றுங்கள். எழுதியதும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: பாடத்தைப் புரியாமல் உருப்போட்ட ஒருவரால் இதற்கு முழு மதிப்பெண் வாங்க முடியுமா? முடியும் என்றால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். நல்ல கேள்வி கிடைத்தால் துறையில் பகிருங்கள். அடுத்த முறை எண்களை மாற்றி இன்னொருவர் பயன்படுத்தட்டும். கேள்விக்குக் கொடுத்த உழைப்பு வினாத்தாள் உறையோடு முடிந்துபோக வேண்டியதில்லை. மாணவர்களையும் கேள்வி எழுதச் சொல்லுங்கள். நல்லதை இன்டர்னலில் போடுங்கள். யாருக்குப் பாடம் புரிந்திருக்கிறது என்பது அவர் கேட்கும் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

பாடத்திட்டம் மாற மூன்று ஆண்டுகள் ஆகலாம். ஆய்வகத்துக்குக் கருவி வாங்க நிதி வரலாம், வராமலும் போகலாம். கேள்வியை மாற்ற யாருடைய அனுமதியும், ஒரு ரூபாய் செலவும் தேவையில்லை. அந்த அதிகாரம் முழுக்க நம் கையில் இருக்கிறது. இந்த செமஸ்டரிலேயே அதைப் பயன்படுத்துங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்